கார்வெட்: ஆசையும் விலையும்

துபாய்க்கு வந்த முதல் வாரம். ஷேக் சாயித் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து லேனில் தரையோடு தரையாக ஒரு மஞ்சள் கார் உறுமிக்கொண்டு கடந்துபோனது. "ஃபெராரியாண்ணே?" என்று பக்கத்தில் இருந்த ராமநாதபுரத்துக்காரரைக் கேட்டேன். "இல்லை தம்பி, கார்வெட். அமெரிக்காக்காரன் வண்டி" என்றார். அன்று பிடித்த பைத்தியம். பொறியியலில் முதுநிலை படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி ஆசைகள் எளிதில் விடுவதில்லை.

கார்வெட் என்பது ஒரு சிறு போர்க்கப்பல் வகையின் பெயர். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் உருவாக்கிய இந்த செவர்லே கார், 1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் முதலில் தலைகாட்டியது. அந்த ஆண்டு செய்தவை 300 மட்டுமே. அத்தனையும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. உடல் இரும்புத் தகடு அல்ல, ஃபைபர் கிளாஸ். ஆனால் எஞ்சின் ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன்தான். பார்க்க அழகு, ஓட்டினால் ஏமாற்றம்! 1955-ல் 700 கார்களே தயாராயின. அநேகமாக மூடுவிழா நடந்திருக்க வேண்டியது.

காப்பாற்றியது இரண்டு விஷயங்கள். ஒன்று, 1955-ல் வந்த வி8 எஞ்சின். இன்னொன்று, சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர். ரஷ்யப் பெற்றோருக்கு பெல்ஜியத்தில் பிறந்தவர். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் மன்றாடினார், நடக்கவில்லை. 1996-ல் அவர் இறந்தார். 2019-ல் அறிமுகமான எட்டாம் தலைமுறை கார்வெட்டில்தான் எஞ்சின் பின்னால் போனது.

என்னைக் கவர்ந்தது இதன் சிக்கனமான பொறியியல். 1963 முதல் 2019 வரை வந்த கார்வெட்டுகளில், நம்மூர் லாரிகளில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங்கைக் குறுக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1981-ல் அதை ஃபைபர் கிளாஸில் செய்தபோது, சுமார் 20 கிலோ இரும்பு செய்த வேலையை 4 கிலோவுக்கும் குறைவான பட்டை செய்தது. எட்டாம் தலைமுறையின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் 495 குதிரைத்திறன் வரை தரும். 2019-ல் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 59,995 டாலராக இருந்தது. அப்போது போர்ஷே 911 வாங்க ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வேண்டியிருந்தது. கொடுத்த காசுக்கு இவ்வளவு வேகம் தரும் கார் அபூர்வம்.

வளைகுடாவில் இதற்குத் தனி மவுசு. இங்கும் அமெரிக்காவைப் போல இடப்பக்க ஸ்டியரிங். சாலைகளும் அகலமானவை. ஆனால் 300 கி.மீ. வேகம் தாண்டும் காரை எங்கே அப்படி ஓட்டுவது? ஷேக் சாயித் சாலையில் உச்ச வரம்பு 120. அபுதாபியில் வரம்புக்கு மேல் கொடுத்துவந்த 20 கி.மீ. சலுகையையும் 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். அப்படியென்றால் அந்த அறிமுக விலையே சுமார் 2,20,000 திர்ஹம். கப்பல் கூலியும் சுங்கமும் வரியும் தனி. மத்திய வங்கி விதிப்படி கார் கடன் விலையில் 80 சதவீதம் வரைதான், 60 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். வேலை போனால் விசா போகும், கடன் போகாது. ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பழைய கார்களை இந்தியாவில் இறக்குமதி செய்ய வலப்பக்க ஸ்டியரிங் கட்டாயம். வளைகுடாவில் ஓடுவது இடப்பக்கம்.

புதியது கட்டாது என்று ஷார்ஜாவில் பழைய ஆறாம் தலைமுறை கார்வெட் ஒன்றைப் பார்த்தேன். விலை நம்பமுடியாத அளவு குறைவு. ஊரில் வீட்டுக்கு மேல்தளம் போட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராமநாதபுரத்து அண்ணன்தான், "முதல்ல மெக்கானிக்கிட்ட காட்டு தம்பி" என்று இழுத்துப்போனார். மெக்கானிக் சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு. அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட வண்டி! ஆகவே நண்பர்களே, வளைகுடாவுக்கென்றே செய்த காரா, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய காரா என்று கேளுங்கள். பின்னதானால் அடையாள எண்ணை வைத்து அதன் பூர்வீகத்தை விசாரியுங்கள்.

"வாங்குறது பெரிசில்லை தம்பி. ஊருக்குப் போறப்ப எவன்கிட்ட விப்பே?" என்றார் அண்ணன், திரும்பும் வழியில். பதில் சொல்லத் தெரியவில்லை.

மேல்தளம் கட்டியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கார்வெட்டை ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். அல் ஐனில் 11.7 கி.மீ. வளைந்து வளைந்து ஏறும் ஜெபல் ஹஃபீத் சாலையில் அண்ணனோடு போனேன். வரம்பைத் தாண்டவில்லை. உச்சியில் நிறுத்தியதும், "நல்ல வண்டிதான்யா" என்றார். சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.