மலைத் தோட்டங்களில் பறவை நோக்குதல்: நிழல் மரங்களைக் காப்பது அவசியம்

கோவை மாவட்டம் வால்பாறையில் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடுகள் சிறு திட்டுகளாக எஞ்சியுள்ளன. காட்டுப் பறவைகள் பலவும் நிழல் மரங்கள் உள்ள காபித் தோட்டங்களுக்கு வந்து போகின்றன. பறவை பார்க்க விரும்புவோரும் தோட்ட விவசாயிகளும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளலாம்.

பனிமூட்டத்தில் பார்க்கும் முறை

மூடுபனியில் கண்ணைவிடக் காது அதிகம் உதவும். அதிகாலையில் ஓடைப் பக்கம் மனிதர் சீழ்க்கை அடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. நீராவி எஞ்சின் போன்ற இறக்கை ஒலி தலைக்கு மேல் கடந்தால் பெரிய இருவாச்சி. பனி விலகி வெயில் படும் நேரத்தில், பழுத்த அத்தி மரத்திலிருந்து சற்றுத் தள்ளி அசையாமல் நின்றால் பல பறவைகளை ஒரே இடத்தில் காணலாம்.

வெளிச்சம் குறைந்த இடங்களுக்கு 8x42 அளவு பைனாகுலர் ஏற்றது. யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டில் தனியாகச் செல்லக் கூடாது. வனப்பகுதிக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை.

இருவாச்சியும் முதிர்ந்த மரமும்

இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. முதிர்ந்த மரங்களில் இயற்கையாக அமைந்த பொந்தையே நம்பியுள்ளது. ஒரே பொந்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும். கோடைக்கு முன் பெண் பறவை உள்ளே சென்று வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். கூட்டருகே ஆட்கள் நின்றால் ஆண் பறவை நெருங்கத் தயங்கும். உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். பொந்துள்ள மரத்தை வெட்டினால், இன்று நடும் கன்று அந்த நிலையை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

• நிழல் சீரமைக்கும்போது கிளைகளை மட்டும் கழிக்கவும். பொந்துள்ள மரங்களையும் அத்தி வகைகளையும் விட்டுவைக்கவும்.

• சில்வர் ஓக் விதை காற்றில் பரவுவது. பறவை உண்ணும் சதைக்கனி அதில் இல்லை. எனவே இடைவெளிகளில் நாட்டு மரங்களையும் சேர்த்து நடவும்.

• மிளகுக்குக் கல்யாண முருங்கையைப் படர்மரமாக வைத்தால், அதன் பூக்களில் தேன் குடிக்கப் பறவைகள் வரும்.

• பூச்சிகளைத் தின்னும் பறவைகள் தோட்டத்துக்கு நன்மை செய்பவை. தேவையற்ற மருந்து தெளிப்பைத் தவிர்க்கவும்.

• பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை அனுமதிக்க வேண்டாம்.

பார்த்த பறவைகளைத் தேதியுடன் குறித்து வைக்கவும். ஜனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இப்பட்டியலை இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றலாம்.