கண்டி நாட்டிற் பாதம் பேணிய வரலாறு

கண்டி மாநகரில் உள்ளங்காலை அழுத்தி இளைப்பாற்றுங் கலையை இந்நாளிற் பலர் பண்டைய ஆயுள்வேதமென்றே கருதுகின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து இஃது ஓரளவே பொருந்தும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் 1681இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டிற் செல்வரும் வறியரும் வெறுங்காலுடனேயே நடந்தனர் என்றும், பாதரட்சை அரசனுக்கு மட்டுமே உரியதென்றும் எழுதியுள்ளார். மழைக்காலத்திற் காட்டுவழி செல்வோர் எலுமிச்சையையும் உப்பையுந் துணியில் முடிந்து கோலிற் கட்டிக் காலிற்றட்டி அட்டைகளை உதிர்த்தனராம். மலைநாட்டிற் பாதம் பட்ட பாட்டுக்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

இத்தகைய பாதத்துக்கு எண்ணெய் பூசித் தேய்த்தல் பழைய முறையே. வாக்பட்டரின் அட்டாங்க இருதயம் தலை, செவி, பாதம் ஆகியவற்றுக்குச் சிறப்பாக எண்ணெயிடுமாறு விதிக்கின்றது. ஆனால், உள்ளங்காலின் இன்னவிடம் ஈரலுக்கும் இன்னவிடஞ் சிறுநீரகத்துக்கும் உரியதெனக் காட்டும் படம் அந்நூலுக்குரியதன்று. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிற்செரால்ட் உடலைப் பத்து மண்டலங்களாகப் பகுத்து 1917இல் நூலெழுதினார். அந்நாட்டினரான யூனிஸ் இங்காம் அக்கொள்கையைப் பாதத்துக்கே சிறப்பாக்கி 1938இல் தம் நூலை வெளியிட்டார். முன்னது எண்ணெயின் பயன். பின்னது படத்தின் கொள்கை. இரண்டையும் ஒன்றாக்குவது நம் மருத்துவத்துக்குப் பெருமையன்று. அழுத்துவதாற் களைத்த கால் ஆறுகின்றது, மனமும் அமைதியடைகின்றது. உள்ளுறுப்பின் நோய் தீருமென்பதற்கோ தக்க சான்று கிடைத்திலது.