பொதிகை போன தூரம்

பொதிகை என்றதும் சிலருக்குச் செங்கோட்டை ரயில் நினைவுக்கு வரும். சிலருக்கு 2024இல் ‘டிடி தமிழ்’ என்று பெயர் மாறும்வரை வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தூர்தர்ஷன். தச்சநல்லூர்க்காரர்களுக்கு அது மேற்கே தெரிகிற நீலக் கோடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெறித்த காலைகளில் மொட்டைமாடியில் நின்றால் மலைத்தொடர் பளிச்சென்று தெரியும். மணிமூர்த்தீஸ்வரத்துத் தாமிரபரணிக் கரையில் நாம் கால் நனைக்கிற தண்ணீர் அங்கே பூங்குளத்தில் ஊறி, பாணதீர்த்தத்தில் விழுந்து, காரையாறு அணையில் தங்கி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கியது.

அந்த மலைமுடியின் உயரம் 1,868 மீட்டர். ஊட்டி நகரமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நடுத்தர மலையைப் பற்றியும், அதில் ஏறுகிற கரடுமுரடான பாதையைப் பற்றியும் கிளம்பிய பேச்சு, சீனத்துத் தீவுக்கும் ஜப்பானியக் கடற்கரைக்கும் திபெத்துக்கும் போனது. கடைசியில் அமெரிக்காவின் சிகாகோவில் போய் நின்றது.

முதலில் அதைச் சுமந்து போனவர்கள் முத்து வியாபாரிகளாகத்தான் இருக்க வேண்டும். சங்கப் பாடல்கள் ‘பொதியில்’ என்று சொல்லும் பொதிகை, ஆய் அண்டிரனின் மலை. கேட்டவர்க்கு யானைகளையே பரிசாகக் கொடுத்த வள்ளல் அவன். அதே காலத்தையொட்டி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி தன் புவியியல் நூலில் தென்னிந்தியாவில் ‘பெட்டிகோ’ என்றொரு மலையைக் குறித்தார். அங்கிருந்து ஆறுகள் இறங்குவதாகவும் எழுதினார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கொற்கையில் முத்து வாங்கிப் போன கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் ஆங்கிலத்தில் எழுதிய கால்டுவெல் அந்தப் பெட்டிகோ நம் பொதிகையே என்று கண்டார்.

வடக்கே போன செய்தி மணத்தோடு போயிற்று. பொதிகைப் பக்கத்து மலைகளை வடமொழியில் மலயம் என்றார்கள். காளிதாசனுக்கு மலய மலை என்றால் சந்தனமும் தென்றலும். அவனுடைய ரகுவம்சத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்து முத்துகளைப் பாண்டியர் ரகுவுக்குத் திறையாகத் தருகிறார்கள். மலயமாருதம் என்று ஒரு ராகத்துக்கே பெயர் அமைந்தது.

ஆனால் பாதையைப் பற்றிப் பேசிய முதல் வெளிநாட்டார் யுவான் சுவாங். சீனத்திலிருந்து பாலைவனமும் பனிமலையும் கடந்து வந்தவர், 640ஐ ஒட்டிக் காஞ்சிபுரம் வரை வந்தார். அதற்குத் தெற்கே அவர் வரவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இருந்தும் 646இல் முடிந்த அவருடைய பயண நூலில் பாண்டிய நாட்டுப் பக்கத்தைப் பற்றிய பகுதி இருக்கிறது. கடலோரத்தில் சந்தனம் வளரும் மலயமலை. அதற்குக் கிழக்கே பொதலகம் என்னும் மலை. அதன் பாதைகள் ஆபத்தானவை, பாறைகள் செங்குத்தானவை. உச்சியில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு குளம். அதிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு மலையைச் சுற்றி வந்து தென்கடலில் விழுகிறது. குளக்கரையில் ஒரு கல் மாளிகை. அங்கே அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் வந்து போகிறார். உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுகிறவர்களில் வெகு சிலரே மேலே போய்ச் சேர்கிறார்கள். அடிவாரத்தில் நின்று மனமுருகி வேண்டுகிறவர்களுக்கோ அவரே ஈசுவர வடிவிலோ, நீறு பூசிய பாசுபத யோகியின் வடிவிலோ காட்சி தருவாராம்.

குளம், அதிலிருந்து பிறக்கும் ஆறு, தென்கடல், மலைமேல் ஒரு தவயோகி. திருநெல்வேலியில் பிறந்த யாருக்கும் இதைப் படித்ததும் பூங்குளமும் தாமிரபரணியும் அகத்தியரும்தான் கண்முன் வருவார்கள். ஷூ ஹிகோசகா என்ற ஜப்பானிய அறிஞர், தமிழகத்துப் பௌத்தம் பற்றி 1989இல் வெளிவந்த நூலில், பொதலகம் என்பது பொதியிலே என்று விரிவாக வாதிட்டார். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. அதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது அந்த இலக்கண நூல். சைவர்களின் அகத்தியரும் பௌத்தர்களின் அவலோகிதரும் மாணவரும் ஆசிரியருமாக ஒரே தமிழில் சேர்ந்து நின்ற காலம் ஒன்று இருந்திருக்கிறது. இன்று மலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி கடல்வழி. 671இல் பிறந்த வஜ்ரபோதி என்ற துறவியின் ஊர், பொதலக மலைக்குப் பக்கத்து மலய நாடு என்று சீனர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவர் இலங்கைக்குப் போனார். அங்கிருந்து சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் வழியாகக் கப்பலேறி, 720ஐ ஒட்டிச் சீனத்தின் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். 741இல் அங்கேயே மறைந்தார். ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தப் பிரிவு இன்றும் அவரைத் தன் குருபரம்பரையில் வைத்து வணங்குகிறது. அகத்தியரும் ஏறக்குறைய அதே கடற்பாதையில் போனார். கிழக்கு ஜாவாவில் மலாங் அருகே கிடைத்த 760ஆம் ஆண்டுத் தினோயோ கல்வெட்டு, பழைய மரச் சிலைக்குப் பதிலாக ஓர் அரசன் கருங்கல்லில் அகத்தியருக்குப் படிமம் செய்துவைத்ததைச் சொல்கிறது.

சீனத்தில் அவலோகிதேசுவரர் பெண் வடிவெடுத்துக் குவான்யின் ஆனார். அவருக்கு ஒரு மலை வேண்டியிருந்தது. அது அமைந்தது ஒரு விபத்தால். 9ஆம் நூற்றாண்டில் எகாகு என்ற ஜப்பானியத் துறவி ஊதாய் மலையிலிருந்து ஒரு குவான்யின் சிலையை ஊருக்குக் கொண்டுபோகக் கப்பலேறினாராம். செஜியாங் கரைக்கு எதிரே உள்ள தீவுக்கூட்டத்தில் கப்பல் நகர மறுத்தது. சிலையை அங்கேயே இறக்கி வைத்ததும் கப்பல் புறப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இன்னொரு கதையில் சிலையோடு பாறையில் மாட்டிக்கொண்டவர்கள் கொரியாவின் சில்லா நாட்டு வணிகர்கள். எந்தக் கதையானாலும் ‘போகமாட்டேன் என்ற குவான்யின்’ அந்தத் தீவிலேயே தங்கிவிட்டார். தீவு பூதோஷான் ஆயிற்று. பொதலகத்தின் சீன உச்சரிப்பு அது. இன்றும் சீனத்தின் நான்கு புனித பௌத்த மலைகளில் ஒன்று. கொரியாவின் கிழக்குக் கடற்கரையிலும் ஒரு பொதலகம் உண்டு: 671இல் உய்சாங் துறவி நிறுவியதாகச் சொல்லப்படும் நக்சன்சா கோயில்.

ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுக்கு அது ‘ஃபுதராகு’, தென்கடலுக்கு அப்பால் இருக்கும் சொர்க்கம். கீ தீபகற்பத்தில் நாச்சி கடற்கரையிலிருந்து துறவிகள் அங்கே போகக் கிளம்பினார்கள். படகின் மீது ஒரு சிறிய மர அறை; துறவி உள்ளே போனதும் அடைத்துவிடுவார்கள். சில வாரங்களுக்குச் சோறும் விளக்குக்கு எண்ணெயும் உள்ளே இருக்கும். வேறு படகுகள் ஆழ்கடல் வரை இழுத்துப்போய் விட்டுவிட்டுத் திரும்பும். 868இலிருந்து 1722 வரை ஏறத்தாழ இருபது பேர் இப்படிப் போனதாக அங்குள்ள ஃபுதராகுசன்ஜி கோயில் வழிச் செய்தி. முகமறியாத ஒரு தென்திசை மலைக்காக மனிதர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதே நாச்சியில் நடைக்கும் ஒரு பெரிய மரபு வளர்ந்தது. 133 மீட்டர் உயர அருவி, அதன் அருகே செய்கன்தோஜி கோயில். 33 கன்னோன் கோயில்களைச் சுற்றிவரும் சாய்கோகு யாத்திரை தொடங்கும் இடம் அதுதான். கன்னோன் என்பது ஜப்பானியரின் அவலோகிதேசுவரர். நாச்சிக்கு வந்துசேரும் குமானோ காட்டுப் பாதைகளை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. பாசி படிந்த அந்தக் கற்படிகளில் இன்று உலகின் பல நாட்டவரும் நடக்கிறார்கள்.

பிறகு திபெத். அவலோகிதேசுவரரின் அவதாரமாகக் கருதப்படும் தலாய் லாமாக்களுக்கு லாசாவில் ஓர் அரண்மனை வேண்டியிருந்தது. ஐந்தாம் தலாய் லாமா 1645இல் கட்டத் தொடங்கியதற்குப் போதாலா என்றே பெயர் வைத்தார்கள். கடலே இல்லாத நாட்டில் தென்கடல் மலை எழுந்தது. அடுத்து நகலுக்கு நகல். சீனப் பேரரசர் சியன்லோங், தன் கோடைவாச நகரான செங்தேயில் 1767க்கும் 1771க்கும் இடையே லாசா போதாலாவைப் பார்த்து ஒரு கோயில் கட்டினார். அந்தக் கோயிலுக்குள் பொன்தகடு வேய்ந்த ஒரு மண்டபம். சுவீடன் நாட்டுப் பயணி ஸ்வென் ஹெடின் அதன் மேல் ஆசைப்பட்டு, அமெரிக்கத் தொழிலதிபர் வின்சென்ட் பெண்டிக்ஸ் கொடுத்த பணத்தில் அதே அச்சில் இன்னொன்று செய்யவைத்தார். துண்டு துண்டாகக் கப்பலில் போய், 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது எழுந்து நின்றது. 1939இல் நியூயார்க் கண்காட்சிக்கும் போனது. இவற்றைக் கட்டியவர்களில் எவரும் மூல மலையைப் பார்த்ததில்லை.

மூல மலையை நன்றாக அறிந்தவர்கள் அந்தக் காட்டின் பழங்குடியான காணி மக்கள். வெளியாட்களுக்குப் பாதை காட்டியதும் அவர்களே. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து ஏறினார் ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்துக்காரர், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர். பூமியின் காந்தப்புலமும் காற்றழுத்தமும் உயரத்தில் எப்படி மாறுகின்றன என்று அளக்க வேண்டும் என்பது அவருடைய ஆவல். யானைக்காட்டில் வழி வெட்டி, கருவிகளைச் சுமந்து ஏற்றி, மலைமேல் 1855இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். யுவான் சுவாங் கேள்விப்பட்ட கல் மாளிகையின் இடத்தில், கடைசியில் ஏறியது தெர்மாமீட்டரும் பாரோமீட்டரும். பிரௌன் 1865இல் ஊர் திரும்பிய பின் அந்தக் கூடம் காட்டுக்கே போயிற்று.

அந்தக் காலத்திலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது, கர்னல் ட்ரூரியின் பெயர் சூட்டப்பட்ட மஞ்சள் நிற ஆர்க்கிட். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அந்தச் செடியை விற்பனைக்காகப் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். மலையைப் பற்றிய பேச்சு பரவுவதெல்லாம் மலைக்கு நன்மையல்ல.

1987 டிசம்பரில் நடந்தது இன்னொரு விதம். புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள், அகத்தியமலை என்றும் சொல்லப்படும் இந்த மலையின் காட்டில் நடந்தார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணி இளைஞர்களோ களைப்பே தெரியாமல் நடந்தார்கள். அவ்வப்போது ஏதோ சிறு காய்களை வாயில் போட்டுக்கொண்டார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. அது குலத்தின் ரகசியம். பின்னர் மனமிரங்கிக் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவர ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தது. கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுடைய அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். இங்கேயும் நகலெடுப்பவர்கள் வராமல் இல்லை: ஓர் அமெரிக்க நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது.

பெண்கள் உச்சி ஏறக்கூடாது என்றிருந்த தடையை 2018இல் கேரள உயர்நீதிமன்றம் நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். சிகரம் தங்கள் தெய்வத்தின் இடம் என்று காணி மக்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அந்த வருத்தத்தையும் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய வழி, பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், பூங்குளம் என்று போவது, புலிகள் காப்பகத்தின் உட்காட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. ஆகவே சிகரம் போக விரும்பும் நெல்லைக்காரர் திருவனந்தபுரம் வரை சுற்றிப் போய், தை பிறக்கும் பருவத்தில் கேரள வனத்துறை அனுமதி பெற்று, போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி ஏற வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை அறிவித்த 40 மலைநடைப் பாதைகளில் ஒன்று காரையாற்றிலேயே இருக்கிறது. மூலக்கசம் வரை போகலாம். முன்பதிவு இணையத்தில்தான், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள்.