ஜவ்வு

குடல் அறுவை சிகிச்சை பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தில் இரைப்பையின் ‘வெளித்தோல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பள்ளிகொண்டாவில் தோல் என்றால் உப்புப் போட்டு டேனரிக்கு லாரியில் போகிற சரக்கு. இரைப்பைமேல் இருப்பது வேறு. டாக்டர்கள் அதைச் ‘செரோசா’ என்பார்கள். வேர், லத்தீனின் ‘சீரம்’: பால் திரிந்தால் பிரியும் தெளிநீர். ரத்தத்தில் பிரியும் நீருக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. இந்தப் படலம் கசியவிடும் வழுவழுப்பான நீரால்தான் குடல்கள் உரசாமல் நழுவுகின்றன. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு இது கிடையாது. அங்கே ‘அட்வென்டிஷியா’, அதாவது வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. சுற்றியுள்ளவற்றோடு குழாயை ஒட்டிவைப்பதால் ‘ஒட்டுறை’ என்பேன். செரோசாவை ‘ஊனீர்ப் படலம்’ எனலாம். பிழையில்லை, ஆனால் ஊனீரை யாருக்குத் தெரியும்? கறிக்கடையில் கேளுங்கள். போட்டி சுத்தம் செய்கிறவர் நகத்தால் கிள்ளி உரிக்க, கண்ணாடித்தாள் மாதிரி கையோடு வருமே, அது ‘ஜவ்வு’. பதனிடுமுன் தோலின் உள்பக்கத்தில் வழித்தெடுப்பதும் ஜவ்வுதான். ஏட்டில் அது சவ்வு: பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல், காதில் செவிப்பறைச் சவ்வு. பேச்சிலோ இழுவைக்கே பெயராகி மிட்டாயிலும் முடியாத சினிமாவிலும் ஒட்டிக்கொண்டது. இழுவை என்பதாலேயே மருத்துவத் தமிழ் இந்தச் சொல்லுக்குக் கூசுகிறது போலும். கூச வேண்டியதில்லை, செரோசாவும் சேர்ந்த வயிற்றறை உறையான பெரிட்டோனியத்தின் கிரேக்க வேரிலும் இருப்பது சுற்றி இழுத்து விரித்தல்தான். ‘நீர்ச்சவ்வு’ என்று போட்டால் நோயாளிக்கும் விளங்கும், கறிக்கடைக்காரருக்கும் விளங்கும்.