இழவு வீட்டின் முறைமை

புறநானூற்றிலே, பாடியவர் பெயர் அறியப்படாத செய்யுள் ஒன்று உண்டு. கணவனோடு பல அருஞ்சுரங்களைக் கடந்து வந்த ஒருத்தி, வழியிலே அவனைப் பறிகொடுத்து, அவனை அடக்கம் செய்வதற்குத் தாழி வனையும் குயவனிடம் சென்று, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு அது போன இடமெல்லாம் போன பல்லியைப்போல இவரோடு வந்தவளாகிய எனக்கும் இடமிருக்கும்படி, தாழியைச் சற்று அகலமாகச் செய்வாயாக என்று வேண்டிக்கொள்கிறாள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் அலெக்ஸாண்டர் ரீ என்பவரும் தோண்டியபோது வெளிப்பட்ட தாழிகளையும், அவற்றோடு வைக்கப்பட்டிருந்த இரும்புக் கருவிகளையும், பொன் நெற்றிப்பட்டங்களையும், கலயங்களில் எஞ்சியிருந்த நெல் உமியையும் எண்ணும்போது, அந்தப் பெண்ணின் குரல் நமக்கு இன்னும் அருகில் கேட்கிறது. இறந்தவருக்கு நெல் வைத்தவர்கள், இருப்பவரின் துக்கத்துக்கும் ஒரு வழி வகுத்திருக்கத்தான் வேண்டும். அவ்வழியைப் பற்றித் தாழிகள் ஒன்றும் சொல்லாவிடினும், நூல்களும் வீட்டு வழக்கங்களும் நிறையவே சொல்கின்றன.

தொல்காப்பியர் காஞ்சித் திணையைச் சொல்லுமிடத்து, துக்கத்தைப் பொதுப்படக் கூறிவிடாமல், இழந்தவர் யார், இழக்கப்பட்டவர் யார் என்று உறவு பார்த்துப் பகுத்திருக்கிறார். மனைவியை இழந்தவன் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவள் நிலை தாபத நிலை. மாண்டவரை நினைந்து எஞ்சியவர் புலம்புவது கையறுநிலை. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவியை ஈமத்தில் இட்ட பின்பும் தன் உயிர் போகாமலிருப்பதை எண்ணித் தன்னையே நொந்துகொண்டு பாடியது இவற்றுள் முதல் வகை. அதியமானை இழந்த ஔவையார், அந்த மாவீரனைப் பாடத் தொடங்கும்போது எடுத்த எடுப்பில் சொல்வது அவனுடைய வெற்றிகளை அன்று. கள் கொஞ்சமாயிருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடத் தானும் உடனிருந்து உண்பான் என்ற சிறு செய்தியைத்தான். நெஞ்சை உடைப்பது பெரிய செய்தியன்று, சிறிய செய்தியே என்பதை அறிந்த வாக்கு அது. வாங்கி வந்த சேலையும், திருவிழாவுக்குக் கூட்டிப் போன வண்டியும், கடைசியாகக் கேட்ட ஒரு வாய் கஞ்சியும் பிற்காலத்து ஒப்பாரிகளில் அடுக்கடுக்காக வருவது இதே அறிவினால்தான் என்பது என் அபிப்பிராயம்.

துஷ்டிச் செய்தி கேட்டுப் புறப்படும் ஸ்திரீகள், தெருமுனை வந்ததும் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே வருவார்கள்; வீட்டிலிருப்பவர்கள் எழுந்து எதிர்கொள்வார்கள்; பிறகு வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து, முன்னும் பின்னும் அசைந்தபடி ஒருத்தி ஒப்புச் சொல்ல, மற்றவர்கள் அடியின் முடிவில் விம்மலைச் சேர்ப்பார்கள். மகள் சொல்வது வேறு, மருமகள் சொல்வது வேறு, உடன்பிறந்தாள் சொல்வது வேறு. தாயை இழந்த மகள், இனி இந்த வாசலில் என்னை வாவென்று அழைக்க யார் இருக்கிறார், அண்ணி முகங்கொடுப்பாளா என்று, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டே, ஊர் முழுவதும் கேட்கும்படி அழுவாள். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகிவிடும் பேச்சு, அன்று ஒருவராலும் மறுக்கப்படுவதில்லை. ஆண்களுக்கு இந்தச் சலுகை வாய்க்கவில்லை. அவர்கள் வெளியே பந்தலில், தோளில் துண்டோடு, வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூலிக்கு மாரடிப்பதென்று பழமொழி இகழ்ந்தாலும், சொல் வராமல் திகைத்திருக்கும் வீட்டுக்குச் கூலி பெற்று வந்து சொல் எடுத்துக் கொடுத்த ஒப்பாரிப் பெண்களை இகழ எனக்கு மனமில்லை. அதே வீட்டு வாசலில் பறையடிப்பதைச் சாதியின் பெயரால் சிலர்மீது கட்டாயமாகச் சுமத்தியதும் நம் சரித்திரந்தான். அதை மறைத்துவிட்டு இவ்வழக்கத்தைப் புகழ்வது நியாயமாகாது.

யாழ்ப்பாணத்தார் இப்புலம்பலை ஏட்டிலும் ஏற்றினார்கள். அங்கே 31-ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், மறைந்தவருடைய வம்ச வரலாற்றையும் குணநலன்களையும் செய்யுளாக்கி, 'கல்வெட்டு' என்ற பெயரால் சிறு நூலாக அச்சிட்டுப் படித்து, வந்தவர்களுக்கு வழங்கும் மரபு உண்டு. அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வருவதைக் காணும்போது, தொல்காப்பியரின் பகுப்பு அச்சுக்கூடம் வரையில் வந்து சேர்ந்திருப்பது தெரிகிறது.

நாட்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்திகளோ அண்டை வீட்டாரோ சோறு கொண்டுவந்து, வேண்டாமென்றாலும் வற்புறுத்தி உண்ண வைப்பார்கள். பிறகு பால் தெளிப்பு. பதினாறாம் நாள் கருமாதி. அன்று தாய்மாமன் தலைப்பாகை கட்ட, மூத்த மகன் குடும்பப் பொறுப்பை ஏற்பான். ஆண்டு முடிவில் தலைத்திவசம். அதுவரை பண்டிகை இல்லை. துக்கம் கேட்க வந்தவர் புறப்படும்போது போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்.

இவ்வளவு பரிவோடு அமைந்த முறைமை, கணவனை இழந்தவளிடத்தில் மட்டும் கொடியதாயிற்று. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயத் துணிந்தபோது பாடிய பாட்டிலேயே, நெய்யற்ற பிழிந்த சோறும், எள் துவையலும், வேளைக்கீரையும், பாயில்லாத பருக்கைக்கல் படுக்கையுமாகிய கைம்மை வாழ்வு சொல்லப்படுகிறது. பின்னாளில் வளையலை உடைத்து, பூவைப் பறித்து, தாலியை வாங்கும் சடங்கு, இழவின் ரணம் ஆறுமுன்னே அவளுக்குச் செய்யப்பட்டது. தாயை இழந்த மகளுக்கு வட்டத்தில் இடம் கொடுத்தவர்களே, இவளை எல்லா நல்ல காரியங்களிலிருந்தும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். இச்சடங்கு பல குடும்பங்களில் கைவிடப்பட்டிருப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் கைவிடும் வேகத்தில் நல்லதும் போய்க்கொண்டிருக்கிறது. நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற தொகுப்புகளால் ஒப்பாரிகள் பல அச்சேறிப் பிழைத்தன. தோள்மேல் விழுந்த கையும் அசைவும் அச்சேறவில்லை. வாய்விட்டு அழுவது நாகரிகமன்று என்று படித்தவர் வீடுகளில் பெண்கள் அடக்கப்படுகிறார்கள். மூன்றாம் நாளிலேயே கருமாதியும் முடிந்து, நான்காம் நாள் மகன் அலுவலகம் போகிறான். இதனால் மிகுதியாக இழப்பவர்கள் புதிதாகத் துக்கப்பட்டவர்கள் அல்லர், பழைய துக்கக்காரர்களே. பத்து வருஷங்களுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த கிழவி, எதிர்வீட்டு இழவுக்கு வந்து வட்டத்தில் உட்கார்ந்ததும், அந்த வீட்டுப் பிணத்தை மறந்து தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவாள். பக்கத்தில் இருப்பவர்களும் அந்தப் பிள்ளைக்காகவே அவளோடு சேர்ந்து ஒரு பாட்டு அழுதுவிட்டு, பிறகு இந்த வீட்டுத் துக்கத்துக்குத் திரும்புவார்கள்.