பால்சகி கற்றுத் தந்த பாடம்

"பையன் அஞ்சாவது படிக்கிறான், ஆனா நாலு வரி சேர்ந்தாப்பல வாசிக்கத் தெரியல." இந்தப் பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பிள்ளை மக்கு என்போம். இல்லையேல் வாத்தியார் சரியில்லை என்போம். இரண்டையும் விட்டுவிட்டு, உண்மையில் என்னதான் நடக்கிறது என்று அளந்து பார்த்த வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அது தொடங்கிய இடம் மும்பை.

1990களின் நடுவில் மாதவ் சவானும் ஃபரீதா லாம்பேயும் மும்பையில் 'பிரதம்' அமைப்பைத் தொடங்கினர். குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கல்வியே அதன் நோக்கம். அதன் திட்டங்களுள் ஒன்று 'பால்சகி', அதாவது குழந்தையின் தோழி. அதே வட்டாரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்தான் பால்சகி. அப்போது மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாயாக இருந்தது. மாநகராட்சிப் பள்ளியில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியே அழைத்துப் போய், தினமும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பார்.

நல்ல காரியம்தான். ஆனால் பலன் உண்டா? இதைக் கண்டறிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளியலறிஞர்கள் 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் ஆய்வு செய்தனர். வதோதராவில் குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் மீதியில் நான்காம் வகுப்புக்கும் பால்சகி தரப்பட்டார். எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி பிறந்தது.

2007இல் வெளியான முடிவு சிந்திக்கத் தக்கது. பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. மிகவும் பின்தங்கியவர்களே அதிகம் முன்னேறினர். ஆனால் பால்சகியிடம் போகாமல் வகுப்பிலேயே இருந்த பிள்ளைகளுக்குக் கூட்டம் குறைந்தும் பெரிய மாற்றமில்லை. அப்படியானால் வகுப்பில் எத்தனை பேர் என்பதைவிட, பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடம் தொடங்குகிறதா என்பதே முக்கியம் என்றாகிறது.

2005இல் பிரதம் முன்னின்று 'அசர்' என்னும் கிராமப்புறக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஒரு தாளில் எழுத்து, சொல், சிறு பத்தி, சிறுகதை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வரவில்லை என்பதை நாடு அறிந்தது. வறுமை ஒழிப்பில் இத்தகைய கள ஆய்வு முறைக்காகப் பானர்ஜி, டூஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

தாய்த் தமிழகத்திலும் இதையொத்த ஒரு முயற்சி உண்டு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் சுமார் 18 மாதம் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்கள். மாலையில் தெருவிலேயே வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரிடம் நடத்திய ஆய்வின்படி, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளே இதில் கூடுதலாகக் கலந்துகொண்டனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

இதெல்லாம் அரசாங்க சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பில் உதவி செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பேசத் தெரிந்து எழுத்தே தெரியாத பன்னிரண்டு வயதுக்காரனும் உண்டு. கதைப் புத்தகம் வாசிக்கும் எட்டு வயதுக்காரியும் உண்டு. வயசைப் பார்த்து உட்கார வைத்தால் அவன் வெட்கப்பட்டு நின்றுவிடுவான். இவள் சலித்துப்போய் நின்றுவிடுவாள். முதல் நாளே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அதன்படி குழு பிரிப்போம். ஆறு மாதம் கழித்து அதேபோல் இன்னொரு தாள். செலவு அதிகமில்லை. எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோமே, அதன் பக்கத்திலேயே எத்தனை பேர் வாசிக்கக் கற்றார்கள் என்ற கணக்கையும் எழுதினால் என்ன?