நூலகத்துக்காகப் பிறந்த எண்: மேற்கோள் கணக்கின் வரலாறு

1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிராஸ் என்னும் இருவர் ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்துக்கொண்டனர். சிறு கல்லூரியொன்றின் வேதியியல் நூலகம் எந்தெந்த ஆய்விதழ்களை வாங்க வேண்டும்? ஆளுக்காள் கருத்துக் கேட்பதை விடுத்து, அமெரிக்க வேதியியல் கழக இதழின் ஓராண்டுத் தொகுதியில் எந்த இதழ் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று எண்ணி, அதன்படி பட்டியலிட்டனர். மேற்கோளை எண்ணும் வழக்கத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று இது. அன்று அந்த எண் எந்த ஆய்வாளரையும் மதிப்பிடவில்லை. நூலகத்தின் பணத்தை எங்கே செலவிடலாம் என்று மட்டுமே சொன்னது.

இதனைப் பெரிய கருவியாக வளர்த்தவர் யூஜின் கார்ஃபீல்டு. அவருக்கு முன்மாதிரி சட்டத்துறையிலிருந்து கிடைத்தது. ஒரு முன்தீர்ப்பைப் பின்வந்த நீதிமன்றங்கள் ஏற்றனவா, மறுத்தனவா என்பதை அமெரிக்க வழக்கறிஞர்கள் அறிய, 1873 முதலே ‘ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்’ என்னும் அட்டவணை இருந்துவந்தது. அறிவியலுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டுமென 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்ஃபீல்டு எழுதினார். ஒரு கட்டுரையைப் பயன்படுத்துவோர் அதன்மீது எழுந்த மறுப்புகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானது. 1964இல் ‘சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ வெளிவந்தது.

அந்த அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தெரிவுசெய்ய கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் உருவாக்கியதே தாக்கக் காரணி. கணக்கு எளிது. ஓர் இதழ் கடந்த ஈராண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவை இவ்வாண்டில் 250 மேற்கோள் பெற்றால் அதன் தாக்கக் காரணி 2.5. ஆனால் அந்த 250இல் பெரும்பகுதியைச் சில கட்டுரைகளே ஈட்டியிருக்கலாம். பல கட்டுரைகள் ஒன்றும் பெறாமலும் இருக்கலாம். ஆகவே இதழின் சராசரியைக் கொண்டு அதிலுள்ள ஒரு கட்டுரையின் தரத்தைத் தீர்மானிக்க இயலாது. தனிமனிதரை மதிப்பிட இதனைக் கையாள்வது குறித்துக் கார்ஃபீல்டே எச்சரித்தார்.

எச்சரிக்கை எடுபடவில்லை. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு நேரடியாக ஆய்வாளரையே அளந்தது. குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் ஒருவரின் குறியீடு பத்து.

இந்த எண்கள் எதனை அளக்கின்றன என்பதற்கு இரு கட்டுரைகள் சான்று. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றி ஆலிவர் லௌரி முதலானோர் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் பெற்றது. அது மகத்தான ஆய்வன்று என்பதை லௌரியே ஒப்புக்கொண்டார். ஆய்வகந்தோறும் தேவைப்பட்ட செய்முறை என்பதே அதன் புகழுக்குக் காரணம். மற்றொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட கட்டுரை. அதிலிருந்து பிறந்த ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இன்று புரத அமைப்பைச் சரிபார்க்கும் அன்றாடக் கருவி. பாடநூல் அறிவாகிவிட்டதால், மூலக் கட்டுரையைச் சுட்டாமலே அதனைப் பயன்படுத்துவோர் பலர். இவ்வாறு மிகுந்த பயன்பாட்டாலேயே மேற்கோள் மறைந்துபோவதற்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு பெயரே சூட்டினார்.

இந்தியாவில் இந்த எண் 2010இல் ஊழியத்தோடு பிணைந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அவ்வாண்டு விதிமுறைகள் ஆசிரியர்களின் பணியைப் புள்ளிகளாக்கின. தாக்கக் காரணி உயர்ந்த இதழில் எழுதினால் கூடுதல் புள்ளி. முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை வெளியீடு கட்டாயமாயிற்று. தேவை பெருகவே, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தன. அவற்றைத் தடுக்க உருவாக்கிய பட்டியலிலிருந்தே 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை மானியக் குழு நீக்க நேர்ந்தது. அதன்பின் வந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்கான வெளியீட்டுக் கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் விலக்கிக்கொண்டன.

இதில் பெரிதும் இழந்தவை இந்திய மொழிகள். தமிழிலோ கன்னடத்திலோ எழுதப்படும் கல்வெட்டுப் பதிப்பு, சொல்லகராதி, வட்டார வரலாறு ஆகியவை பன்னாட்டுத் தரவுத்தளங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அங்கே இடமில்லாத நூலுக்கு எத்தனை வாசகர் இருந்தாலும் கணக்கில் சுழியம்தான். இருபதாண்டு உழைப்பில் உருவாகும் ஒரு பதிப்பைவிட, ஆறு மாதத்தில் எழுதும் மூன்று ஆங்கிலக் கட்டுரைகளே பதவி உயர்வுக்கு உதவும் என்றால், இளம் ஆய்வாளர் எதனைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை.

மாற்றுக் குரல்கள் எழாமலில்லை. இதழின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையும், எண்கள் வல்லுநர் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று 2015இல் வந்த லைடன் அறிக்கையும் வலியுறுத்தின. இரண்டும் கேட்பது ஒன்றே: நியமனக் குழுவில் அமர்வோர் விண்ணப்பித்தவரின் கட்டுரையைப் படிக்க வேண்டும். எதைப் படிப்பது என்று தேடித்தரவே கார்ஃபீல்டின் அட்டவணை பிறந்தது. படிக்காமல் இருப்பதற்கான வசதியாக அது இன்று பயன்படுகிறது.